லாரியின் கதையை எங்கே முடிப்பது: 1998-இலா, 2018-இலா, 2022-இலா?

‘ஹாலோவீன்’ என்ற அமெரிக்கத் திகில் பட வரிசையில் 1978 முதல் 2022 வரை 13 படங்கள் வந்திருக்கின்றன. வெளியான வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க உட்கார்ந்தால் பாதியிலேயே தலை சுற்றும். இது ஒரே கதை இல்லை என்பதுதான் காரணம். நான்காம் படத்தில் நாயகி லாரி ஸ்ட்ரோட் செத்துப்போனவள். ஏழாம் படத்தில் அந்தச் சாவு அவளே நடத்திய நாடகம் என்றாகிறது. எட்டாவதில் மறுபடியும் சாகிறாள். பதினோராவதில் பேத்தியோடு வந்து நிற்கிறாள். புதிதாகப் பொறுப்பேற்ற ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடிக்காத பாகங்களை ‘நடக்கவே இல்லை’ என்று தள்ளிவிட்டு, பழைய ஏதோ ஒரு புள்ளியிலிருந்து கதையைத் தொடங்கியிருக்கிறது.

இதனால் லாரிக்கும் அவளைக் கொல்ல வரும் முகமூடிக்காரன் மைக்கேல் மையர்ஸுக்கும் இடையிலான கணக்கு இரண்டு முறை ‘கடைசியாக’ முடிக்கப்பட்டிருக்கிறது. முதல் படத்துக்கு 20 ஆண்டுகள் கழித்து ‘ஹாலோவீன் ஹெச்20’ ஒரு முடிவைச் சொன்னது. 44 ஆண்டுகள் கழித்து ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ வேறொரு முடிவைச் சொன்னது. நடுவில் 2018 படம் இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்வதே சரி என்று சொல்லும் ரசிகர்களும் நிறைய. இரண்டு முடிவுகளிலும் லாரியாக நடித்தவர் ஜேமி லீ கர்ட்டிஸ்தான். முதல் படம் எடுக்கும்போது அவருக்கு வயது 19, ‘எண்ட்ஸ்’ வெளியானபோது 63.

இந்த மூன்றில் எதை உங்கள் முடிவாக எடுத்துக்கொள்வது என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு. எல்லா முடிவுகளையும் திறந்தே பேச வேண்டியிருப்பதால், எதுவும் தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்த வரிக்குப் போக வேண்டாம்.

## முதலில் ஒரு கேள்வி: அவன் அவளுடைய அண்ணனா?

மற்ற அளவுகோல்களுக்குப் போகும் முன் இதற்குப் பதில் தேவை, ஏனென்றால் பாதி முடிவு இங்கேயே ஆகிவிடுகிறது.

ஜான் கார்ப்பென்டரும் டெப்ரா ஹில்லும் எழுதிய 1978 படத்தில் மைக்கேலுக்கும் லாரிக்கும் எந்த உறவும் இல்லை. 1963-இல் ஆறு வயதில் தன் அக்கா ஜூடித்தைக் குத்திக் கொன்றவன், 15 ஆண்டுகள் கழித்து மனநலக் காப்பகத்திலிருந்து தப்பி ஊருக்கு வருகிறான். பூட்டிக் கிடக்கும் மையர்ஸ் வீட்டு வாசலில் சாவியை வைக்கப் போகிறாள் லாரி, உள்ளே இருந்து அவன் பார்க்கிறான். அவ்வளவுதான் காரணம். வேறு யாராவது அந்த வாசலுக்கு வந்திருந்தால் அவளைத் தொடர்ந்திருப்பான். அந்தப் படம் தரும் பயமே இந்தக் காரணமின்மைதான்.

1981-இல் வந்த இரண்டாம் பாகம் லாரியை அவனுடைய தங்கையாக்கியது. அதையும் கார்ப்பென்டரும் ஹில்லும்தான் எழுதினார்கள், இயக்கியவர் ரிக் ரோஸன்தால். அந்த ஒரு வரி பின்னால் வந்த கதைகளையெல்லாம் கட்டிப்போட்டுவிட்டது. 1998 படம் அண்ணன் தங்கை உறவின் மேல் எழுப்பப்பட்டது. 2018 படமோ தொடக்கத்திலேயே ஒரு பாத்திரத்தின் வாயால் ‘அது யாரோ கட்டிவிட்ட கதை’ என்று அதை உதறிவிடுகிறது.

கொல்ல வருகிறவன் சொந்த ரத்தம் என்பதுதான் உங்களை உலுக்கும் என்றால் 1998-இன் பக்கம் நில்லுங்கள். யார் என்றே தெரியாதவன் என்பதுதான் உலுக்கும் என்றால் 2018-இன் பக்கம். இரண்டையும் கலந்து பார்த்தால் லாரியின் நடத்தை எதுவும் பொருந்தாது.

## எதை வைத்து அளப்பது

கடைசிக் காலத்துப் பாகம் ஒன்றைப் பற்றி ரசிகர்கள் சண்டை போடும்போது ‘நல்ல படமா, மோசமான படமா’ என்றுதான் தொடங்குகிறார்கள். அது உதவாது. அளக்க வேண்டியவை இவை:

- லாரிக்கு நேர்ந்தது அவள் உடலிலும் பழக்கவழக்கத்திலும் தெரிகிறதா, வசனத்தில் மட்டும் இருக்கிறதா.
- மைக்கேல் எப்படி நடக்கிறான், எங்கே நிற்கிறான், முகமூடி எப்படி இருக்கிறது.
- முடிவு உண்மையிலேயே முடிவா, அடுத்த படம் அதைக் கலைத்துவிட்டதா.
- 1978 படத்தின் கேமரா, இடம், இசை ஆகியவற்றோடு ஒட்டுகிறதா.
- எத்தனை மணி நேரம், எவ்வளவு ரத்தம்.

முகமூடியை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றலாம். 1978-இல் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளை அடித்து, கண் துளைகளைப் பெரிதாக்கி, கிருதாவைப் பிய்த்து எடுத்துத்தான் மைக்கேலின் முகத்தை உருவாக்கினார்கள். அந்தப் பெரிய துளைகளுக்குள் கண் தெரியாது, நிழல் மட்டும் தெரியும். துளை கொஞ்சம் பெரிதாகிக் கண்ணிமை தெரிந்துவிட்டால் உள்ளே ஒரு நடிகர் இருப்பது நினைவுக்கு வந்துவிடும். பயம் அங்கேயே போய்விடும்.

| | 1978 → 1998 | 1978 → 2018 | 1978 → 2018 → 2021 → 2022 |
|---|---|---|---|
| மொத்த நேரம் | 177 நிமிடம் (1981 பாகமும் சேர்ந்தால் 269) | 197 நிமிடம் | 413 நிமிடம் (2021-ஐத் தாண்டினால் 308) |
| மைக்கேல் யார் | அண்ணன் | யாரோ ஒருவன் | யாரோ ஒருவன், பிறகு ஊரைப் பிடித்த நோய் |
| முடிவு | தலை வெட்டப்படுகிறது, 2002 படம் அதைக் கலைக்கிறது | எரியும் வீடு, பாதி திறந்த கதவு | உடலே மிஞ்சாத முடிவு |
| முகமூடி | காட்சிக்குக் காட்சி மாறும் | 40 ஆண்டு பழசாகிய அதே முகம் | கருகியது, பூஞ்சை பிடித்தது |
| ரத்தம் | நடுத்தரம் | அதிகம் | 2021 மிகக் கொடூரம் |
| இசை | பெரிய வாத்தியக் குழு | கார்ப்பென்டரே | கார்ப்பென்டரே |
| மறைந்திருக்கும் விலை | ‘ரிசரெக்‌ஷன்’ | டாக்டர் சார்டெய்ன் திருப்பம் | புதிய நாயகன் கோரி |

## 1998: கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பி நடந்தவள்

ஸ்டீவ் மைனர் இயக்கிய ‘ஹெச்20’ 86 நிமிடம்தான். 1978-ஐயும் 1981-ஐயும் மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. லாரி தன் சாவை நாடகமாக்கி, கெரி டேட் என்ற பெயரில் கலிஃபோர்னியாவில் ஒரு தனியார் உறைவிடப் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருக்கிறாள். மகன் ஜானுக்கு 17 வயது. மகனாக நடித்த ஜாஷ் ஹார்ட்னெட்டுக்கு இது முதல் படம்.

லாரியின் காயத்தைக் காட்டுவதில் மூன்று வழிகளில் இதுவே சிக்கனமானது. உணவகத்தில் நண்பன் கழிவறைக்குப் போகும் சிறு இடைவெளியில் தன் கோப்பையிலிருக்கும் வெள்ளை ஒயினை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பரிசாரகரிடம் இன்னொன்று கேட்கிறாள். அவன் திரும்பி வரும்போது எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கிறாள். இருபது ஆண்டுகளாக எப்படிச் சமாளித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அந்தச் சில நொடிகளில் விளங்கிவிடுகிறது. இதையே சொல்ல 2018 படத்துக்குத் துப்பாக்கிகளும் இரும்பு வேலியும் ரகசிய அறையும் தேவைப்பட்டன.

கதவில் பதித்த வட்டமான கண்ணாடிக்கு இந்தப் பக்கம் லாரியும் அந்தப் பக்கம் மைக்கேலுமாக முகத்தோடு முகம் பார்க்கும் காட்சிதான் இந்தப் படத்தின் உயிர். இருபது ஆண்டுகளாக அவள் கற்பனை செய்துகொண்டே வந்த முகம் அது. இந்த முறை உண்மையா இல்லையா என்று அவள் தீர்மானிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை கேமரா விட்டுக்கொடுக்கிறது. பிறகு மகனை வண்டியில் ஏற்றி வெளியே அனுப்பிவிட்டு, வாயில்கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டியை உடைத்துத் தன்னையும் அவனையும் உள்ளே பூட்டிக்கொள்கிறாள். கையில் கோடாலியோடு அவன் பெயரைக் கத்திக்கொண்டு அவனைத் தேடிப் போகிறாள். கொலைகாரன் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் ஸ்லாஷர் வகைப் படங்களில் ஓடிக்கொண்டே இருந்த பெண் நின்று திரும்புவதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய இடம் வேறில்லை என்றே சொல்வேன்.

குறைகளும் உண்டு. முதலாவது முகமூடி. படப்பிடிப்பின்போது முகமூடியை மாற்றிக்கொண்டே இருந்ததால் கண் துளையின் அளவும் முடியும் காட்சிக்குக் காட்சி வேறுபடும். ஒரு ஷாட்டில் கணினியில் வரைந்த முகமூடியே வரும், உற்றுப் பார்க்காமலே கண்ணுக்குப் பட்டுவிடும். அடுத்தது இசை. ஜான் ஓட்மேன் செய்த இசையின் பகுதிகளை எடுத்துவிட்டு, மார்கோ பெல்ட்ராமி ‘ஸ்க்ரீம்’ படங்களுக்குச் செய்ததைப் போட்டிருக்கிறார்கள். அதனால் சில இடங்களில் வேறு படம் பார்ப்பதுபோல் இருக்கும். முதல் 50 நிமிடங்களில் விடுதி மாணவர்களின் பேச்சும் பொய்ப் பயமுறுத்தல்களும் அதிகம். தோளில் கை விழும், திரும்பினால் நண்பன். இது திரும்பத் திரும்ப வருவதால், உண்மையான அடி விழும்போது கொஞ்சம் மரத்துப்போயிருப்போம்.

ஆனால் பெரிய விலை படத்துக்கு வெளியே இருக்கிறது. கிளைமாக்ஸில் பிணவண்டியோடு மைக்கேலைக் கடத்திக்கொண்டு போகிறாள் லாரி. வண்டி உருண்டு, அவன் வண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் நசுங்கி நிற்கிறான். கையை நீட்டுகிறான். அவளும் நீட்டுகிறாள், விரல்கள் கிட்டத்தட்டத் தொடுகின்றன. பிறகு ஒரே வெட்டு. இதைவிடச் சுத்தமான முடிவு கிடையாது. 2002-இல் வந்த ‘ரிசரெக்‌ஷன்’ அந்தத் தலை மைக்கேலுடையதே இல்லை என்றது. குரல்வளை நசுக்கப்பட்டுப் பேச முடியாமல் போன ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவருக்கு அவன் தன் உடையையும் முகமூடியையும் மாட்டிவிட்டானாம். அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே லாரியையும் கொன்றுவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘ஹெச்20’-க்குத் திரும்பினால், அந்த நீட்டிய கை உங்களுக்கு ஒரு அப்பாவியின் கையாகத்தான் தெரியும். ஆகவே 1998-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் 2002-ஐப் பார்க்கவே கூடாது. ‘சும்மா ஒருமுறை’ என்பதும் வேண்டாம்.

1981 பாகம் கட்டாயமா? இல்லை. அண்ணன் தங்கை உறவை ‘ஹெச்20’-இலேயே லாரி வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். மருத்துவமனையில் வெடித்து எரிந்த மைக்கேல் எப்படித் தப்பினான் என்பதை எந்தப் படமும் விளக்கவில்லை என்பதால், 1981-ஐப் பார்த்தால் கேள்விதான் ஒன்று கூடும். நேரம் இருந்தால் மட்டும் பாருங்கள்.

## 2018: திறந்த கதவோடு நிறுத்துவது

டேவிட் கார்டன் கிரீன் இயக்கிய 2018 படம் 1978-ஐ மட்டுமே ஏற்கிறது. மைக்கேல் அன்றிரவே பிடிபட்டு 40 ஆண்டுகள் காப்பகத்தில் இருந்தான் என்பது இதன் கணக்கு. லாரி காட்டுக்குள் கோட்டை மாதிரி வீடு கட்டி, மகள் கேரனைச் சிறுவயதிலேயே துப்பாக்கிப் பயிற்சியில் வளர்த்து, அதனாலேயே அவளை இழந்தவள். பேத்தி அலிசன் மட்டும் பேசுகிறாள்.

முதல் படத்தின் காட்சி மொழியை மூன்றில் சரியாகப் பிடித்தது இதுதான். 1978-இல் வகுப்பறைச் சன்னல் வழியே லாரி பார்க்கும்போது தெருவில் மைக்கேல் நிற்பான். 2018-இல் அதே கோணத்தில் அலிசன் பார்க்கிறாள், அங்கே நிற்பது பாட்டி. வேட்டையாடப்பட்டவளே வேட்டைக்காரன் நின்ற இடத்துக்கு வந்துவிட்டாள் என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். ஹாலோவீன் இரவில் மைக்கேல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து சுத்தியலால் கொன்று, சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு, தொட்டிலில் அழும் குழந்தையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகும் நீண்ட ஷாட்டும் அப்படித்தான். ஏன் குழந்தையை விட்டான் என்று கேட்டால் பதில் இல்லை. 1978-இன் காரணமின்மை திரும்பிவிட்டது. கார்ப்பென்டர் மகன் கோடியோடும் டேனியல் டேவிஸோடும் சேர்ந்து தானே இசையமைத்ததும் இந்த ஒட்டுதலுக்குப் பெரிய காரணம்.

ரசிகர்கள் பரவலாக ஒப்புக்கொள்ளும் ஒரு ஓட்டை, டாக்டர் சார்டெய்ன். மைக்கேலின் மருத்துவராக வந்தவர் நடுவில் திடீரென்று போலீஸ்காரரைக் குத்திவிட்டு முகமூடியைத் தானே மாட்டிப் பார்க்கிறார். மைக்கேலை லாரியின் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கத் திரைக்கதைக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. அந்த வேலைக்காக ஒரு பாத்திரத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். தற்செயலாக வருகிறவன்தான் பயங்கரம் என்று சொல்லும் கதையில், அவனை ஒருவர் காரில் ஏற்றிக் கூட்டிவருவது நெருடத்தான் செய்யும்.

முடிவில் பாட்டி, மகள், பேத்தி மூவரும் அவனை அடித்தளத்தில் பூட்டி வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். தப்பிப் போகும் வண்டியில் அலிசனின் கையில் இன்னும் கத்தி இருக்கிறது, கேமரா அதில் நிற்கிறது. பெயர்கள் ஓடி முடிந்ததும் அவனுடைய மூச்சுச் சத்தம். 1978 படமும் ஆறு குண்டு வாங்கி விழுந்தவன் காணாமல்போய், வெற்று அறைகளும் மூச்சும் மட்டும் மிஞ்சி முடிந்தது. அந்த வகையில் பார்த்தால் இது தொங்கல் இல்லை, முதல் படத்தின் முடிவுக்குச் சரியான எதிரொலி. இதோடு நிறுத்துகிறவர்கள் எதையும் இழப்பதில்லை.

## 2022: எல்லோரும் சண்டை போடும் முடிவு

அமெரிக்காவில் முதல் நாள் இரவு திரையரங்கை விட்டு வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் 2018 படம் ‘பி பிளஸ்’, 2021-இல் வந்த ‘கில்ஸ்’ ‘பி மைனஸ்’, ‘எண்ட்ஸ்’ ‘சி பிளஸ்’. உலக வசூலும் 25 கோடி டாலருக்கு மேல் தொடங்கி 13 கோடி, 10 கோடி என்று இறங்கியது. கடைசி இரண்டும் வெளியான அன்றே அமெரிக்காவில் பீகாக் என்ற ஓடிடி தளத்திலும் வந்தன என்பதையும் இந்த வசூலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. முதல் நாள் போகிறவர்கள் விளம்பரத்தை நம்பிப் போகிறவர்கள். ‘எண்ட்ஸ்’ விளம்பரங்கள் லாரிக்கும் மைக்கேலுக்கும் கடைசிச் சண்டை என்று சொல்லின. படமோ கோரி கன்னிங்ஹாம் என்ற புதியவனைப் பற்றியது. அந்த ஏமாற்றம் மதிப்பெண்ணில் இருக்கிறது.

ஏமாற்றம் மட்டும்தானா என்றால், இல்லை. பார்வையாளர்கள் சொல்லும் குறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் மூன்று நியாயமானவை.

‘கில்ஸ்’ முடிவில் ஊரே சேர்ந்து அடித்து, குத்தி, சுட்ட பிறகும் எழுந்து எல்லோரையும் கொல்கிறான் மைக்கேல். கொல்லக் கொல்ல அவன் மனிதனுக்கு மேலான ஒன்றாகிறான் என்று லாரி பேசவும் செய்கிறாள். ‘எண்ட்ஸில்’ அதே ஆள் சாக்கடைக் குழாய்க்குள் நலிந்து கிடக்கிறான். கோரி அவனிடமிருந்து முகமூடியைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். இரண்டுக்கும் நடுவில் நான்கு ஆண்டுகள், பாலம் எதுவும் இல்லை.

லாரியும் அப்படித்தான். மகள் உயிரோடிருந்தபோது, மைக்கேல் பூட்டப்பட்டிருந்தபோது, கோட்டை கட்டி வாழ்ந்தவள், மகளைக் கொன்றவன் வெளியே திரியும்போது ஊருக்குள் வீடு வாங்கி, பலகாரம் சுட்டு, நினைவுக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள். மனம் ஆறும் என்பது உண்மைதான். ஆனால் ஆறுவதை நாம் பார்க்கவில்லை.

மூன்றாவது, அலிசனின் காதல். கோரியைச் சந்தித்த சில நாட்களிலேயே ஊரை விட்டு அவனோடு கிளம்பத் தயாராகிவிடுகிறாள். 2018-இல் அவ்வளவு நிதானமாக எழுதப்பட்ட பெண் அவள்.

இவையெல்லாம் இருந்தும், ‘எண்ட்ஸின்’ முதல் காட்சியை இந்த வரிசையின் கடைசிக்காலப் படங்கள் எல்லாவற்றிலும் சிறந்ததாக வைக்கத் தயங்க வேண்டியதில்லை. 2019 ஹாலோவீன் இரவு. கல்லூரிக்குக் காசு சேர்க்கும் கோரி, ஒரு பணக்கார வீட்டில் ஜெரிமி என்ற சிறுவனைப் பார்த்துக்கொள்ள வருகிறான். தொலைக்காட்சியில் கார்ப்பென்டரின் 1982 படம் ‘தி திங்’ ஓடுகிறது. 1978-இல் லாரி பார்த்துக்கொண்ட பிள்ளைகளின் தொலைக்காட்சியில் ஓடியது அந்தக் கதையின் 1951 வடிவம். பையன் விளையாட்டாக ஒளிந்து, கோரியை மாடி அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறான். கோரி கத்துகிறான், கதவை உதைக்கிறான். கீழே பெற்றோர் வாசலில் நுழைகிறார்கள். கதவு தெறித்துத் திறக்கிறது, பின்னால் நின்ற பையன் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பல மாடிப் படிகளின் நடுவே விழுந்து, பெற்றோரின் காலடியில் கிடக்கிறான். கோரி மேலிருந்து எட்டிப் பார்க்கிறான், கையில் ஒரு சமையலறைக் கத்தி. கொலைகாரன் யாரும் வீட்டில் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது, அது ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டது.

இந்தக் காட்சி சொல்வதுதான் படத்தின் மொத்தக் கருத்தும். மைக்கேல் ஒரு மனிதன் என்பதைவிட, அவனால் ஊர் என்னவாக மாறிவிட்டது என்பது பெரிய கேடு. யாரையாவது குற்றவாளியாக்கத் துடிக்கும் ஊர் கோரியைப் பிடித்துக்கொள்கிறது, லாரியையும்தான். 1978-இன் காரணமில்லாத தீமையை நம்புகிறவர்களுக்கு இது தர்க்கரீதியான அடுத்த படி. காரணம் இல்லாதது யாரையும் தொற்றலாம். கோளாறு எங்கே என்றால், இந்த விதையை 2018-இலேயே ஊன்றியிருக்க வேண்டும். மூன்றாம் படத்தில் புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து, அவனுடைய முழு வாழ்க்கையையும் 111 நிமிடத்தில் சொல்லி, மீதியில் 44 ஆண்டுக் கணக்கையும் தீர்க்கப் பார்த்ததால் இரண்டுமே அவசரமாகிவிட்டன.

கடைசிச் சண்டை சமையலறையில் நடக்கிறது. அவன் கையைக் கத்தியால் மேசையோடு அறைந்து, குளிர்சாதனப் பெட்டியை அவன்மேல் சாய்த்து, கழுத்தை அறுக்கிறாள் லாரி. அலிசன் வந்து துணை நிற்கிறாள். பிறகு உடலைக் கார் கூரையில் கட்டி, ஊரே பின்னால் வர, பழைய இரும்புக் கிடங்குக்கு எடுத்துப் போய் அரைக்கும் இயந்திரத்தில் போடுகிறார்கள். இறுதி ஊர்வலம்போலவே இருக்கும் அந்தக் காட்சி பலருக்கு அளவுக்கு மீறியதாகப் பட்டது. ஆனால் ‘ஹெச்20’-க்கு நேர்ந்த கதியை நினைத்துப் பார்த்தால் அது ஏன் அவ்வளவு பகிரங்கமாக நடக்கிறது என்று புரியும். தலையை மாற்றிவிட்டான், உடையை மாற்றிவிட்டான் என்று யாரும் வந்து சொல்ல முடியாதபடி, ஊரே சாட்சியாக நிற்கிறது. படம் முடியும்போது 1978-இல் வந்த மாதிரியே வெற்று அறைகள் வருகின்றன. மேசைமேல் முகமூடி கிடக்கிறது.

### நடுவில் இருக்கும் ‘கில்ஸ்’

105 நிமிடம். லாரி பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலில். ‘இன்றிரவு தீமை சாகும்’ என்ற கோஷம் காது புளிக்கும் அளவுக்கு வருகிறது. தீயணைப்பு வீரர்களோடு நடக்கும் முதல் சண்டையும் 1978 இரவைப் புதிதாக எடுத்துக் காட்டும் முன்கதையும் மட்டும் பார்க்கத் தகுந்தவை. கேரன் கொல்லப்படுவதுதான் இங்கே கதைக்குத் தேவையான ஒரே நிகழ்வு, அதை ‘எண்ட்ஸ்’ தொடக்கத்தில் லாரியே சொல்லிவிடுகிறாள். தாண்டிவிடலாம். தாண்டினால் இன்னொரு லாபம்: மைக்கேல் அமானுஷ்யமானதைப் பார்க்காததால், ‘எண்ட்ஸில்’ அவன் நலிந்து கிடப்பது தீக்காயத்தின் விளைவாக இயல்பாகவே தெரியும். மேலே சொன்ன முதல் குறை பாதி மறைந்துவிடும்.

## யாருக்கு எது

ஒரே இரவில் முடிக்க வேண்டும், முடிவும் திருப்தியாக இருக்க வேண்டும் என்றால் 1978-ம் 1998-ம் போதும். மூன்று மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இந்த வகைப் படங்கள் பழக்கமில்லாத ஒருவரைக் கூட உட்காரவைத்துப் பார்ப்பதானாலும் இதுவே சரி. ரத்தம் அளவோடு இருக்கும், உணர்ச்சி நேராகப் போய்ச் சேரும்.

1978 படத்தைப் பலமுறை பார்த்து, அதன் கேமராவையும் மௌனத்தையும் நேசிப்பவர்கள் 2018-இல் நிறுத்துங்கள். சார்டெய்னைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

‘எண்ட்ஸ்’ பார்க்கப் போகிறவர்கள் கோரியின் படம் என்று நினைத்து உட்காருங்கள். முதல் அரை மணி நேரத்துக்கு மேல் மைக்கேல் வரமாட்டான் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் காத்திருப்பு எரிச்சலாகாது. விளம்பரத்தைத் தயவுசெய்து பார்க்க வேண்டாம். 2018-இல் நிறுத்தி ஒரு வாரம் விட்டு, ‘கில்ஸை’த் தாண்டி இதைப் பார்ப்பதே நான் சொல்லும் வழி.

ஜேமி லாய்ட் என்ற சிறுமியின் கதையாகப் போகும் 1988, 1989, 1995 படங்களோ, ராப் ஸாம்பி மறுபடி எடுத்த 2007, 2009 படங்களோ இந்தக் கணக்கில் வராது. 1982-இல் வந்த மூன்றாம் பாகத்தில் மைக்கேலே இல்லை. அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

## எந்தப் பதிப்பு

1978 படம் 91 நிமிடம் ஓட வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாக இருந்தால் அது தொலைக்காட்சிக்காக நீட்டிய பதிப்பு. நேரத்தை நிரப்ப, 1981 படம் எடுக்கும்போது கூடவே சில காட்சிகளைப் படமாக்கிச் சேர்த்தார்கள். காப்பகத்தில் மைக்கேலின் அறைக் கதவில் ‘தங்கை’ என்று கீறியிருப்பதை அவனுடைய மருத்துவர் லூமிஸ் பார்ப்பது அதில் ஒன்று. 2018 வழியில் போகிறவர்கள் தெரியாமல் இந்தப் பதிப்பைப் பார்த்துவிட்டால், அடுத்த படம் ‘கட்டுக்கதை’ என்று சொல்வதை முதல் படமே உண்மை என்று காட்டியிருக்கும்.

படம் அகலத் திரைக்காக எடுக்கப்பட்டது. மைக்கேல் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்பான். பழைய தொலைக்காட்சிச் சதுரத்துக்கு வெட்டிய பிரதியில் பார்த்தால் அவன் சட்டகத்துக்கு வெளியே போயிருப்பான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சரியான பிரதி.